வாசகர் கேள்வி – பதில்: மூலிகை இலையும் அல்ட்ராசவுண்டும்

போன இதழ்ல மூலிகை இலைகள்ல இருக்குற ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்மங்களை (ராடிகல்னு சொல்ற, சட்டுனு மத்ததோட வினைபுரியுற துகள்களை அணைக்கிற பொருள்கள்) அல்ட்ராசவுண்ட் வெச்சு பிரிச்செடுக்குறதைப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. ப்ராஜெக்ட் பண்ற மாணவர்கள்தான் அதிகம், ஆனா வீட்டுல இருந்து கேட்டவங்களும் இருக்காங்க. முடிஞ்சவரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து பதில் சொல்லிடுறேன்.

கேள்வி: கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்குறாங்களே, அதே அல்ட்ராசவுண்ட் தானா இது? இலையோட செல்லையே உடைக்கும்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் பயமா போச்சு மேடம்.

பயப்படாதீங்கம்மா. பேர்தான் ஒண்ணு, வேலை வேற. மனுஷக் காதுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், அதுக்கு மேல போற சத்தம் எல்லாத்துக்குமே அல்ட்ராசவுண்ட்னுதான் பேரு. இலைச்சாறு எடுக்க நாங்க பயன்படுத்துறது அந்த எல்லைக்கு கொஞ்சம் மேல, 20ல இருந்து 40 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். ஸ்கேன் மெஷின் ஓடுறது மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது நூறு மடங்குக்கு மேல வேகமான அதிர்வு, அதுவும் சின்னச் சின்ன துடிப்பா விட்டு விட்டு வரும்.

இதுல வேகம் கம்மியா இருக்குறதுதான் உடைக்கிற வேலையைச் செய்யுது, கேக்க தலைகீழா இருக்கும். அலை ஒண்ணு திரவத்துக்குள்ள போகும்போது ஒரு பாதி நேரம் திரவத்தை அழுத்தும், மறுபாதி இழுக்கும். 20 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு முழு அலைக்கு 50 மைக்ரோ செகண்ட், அப்ப இழுக்குற நேரம் 25 மைக்ரோ செகண்ட். அந்த நேரத்துக்குள்ள திரவத்துல ஏற்கனவே கரைஞ்சிருக்குற வாயுவும் ஆவியும் சேர்ந்து ஒரு குட்டிக் குமிழி நல்லா வளர்ந்துரும், அடுத்த அழுத்தம் வரும்போது படார்னு நொறுங்கும். 5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு முழு அலைக்கே 0.2 மைக்ரோ செகண்ட்தான், குமிழி வளர நேரமே கிடையாது. போதாததுக்கு ஸ்கேன் மெஷின்ல எவ்வளவு சக்தி வெளிய விடலாம்னு வரம்பும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு குழம்ப வேண்டாம்.

கேள்வி: குமிழி நொறுங்கும்போது உள்ள 5000 டிகிரி வரைக்கும் போகும்னு படிச்சேன் சார். அப்ப இலைல இருக்குற சத்தெல்லாம் கருகிப் போயிடாதா? – பி.எஸ்சி. வேதியியல் மாணவர்

நல்ல கேள்வி தம்பி, ஆனா நான் சார் இல்ல, மேடம். 5000 கெல்வின் பக்கம் போகுது, கூடவே ஆயிரம் வளிமண்டல அழுத்தம் அளவுக்கு அழுத்தமும் வருது, ரெண்டுமே உண்மைதான். ஆனா அது நடக்குற இடம் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி, நடக்குற நேரம் மைக்ரோ செகண்டுக்கும் குறைவு. சுத்தி இருக்குற திரவம் அந்தச் சூட்டை உடனே வாங்கிக்கும். அதனால ஃபிளாஸ்க்குல தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா மெதுவா நாலஞ்சு டிகிரி ஏறுறதுதான் தெரியும். கருகுற கதை இல்ல, ஆனா வேற விதமா சேதம் வரும், அதைக் கீழ இன்னொரு கேள்வில சொல்றேன்.

குமிழி நொறுங்குற இந்தச் சங்கதிக்கு கேவிட்டேஷன்னு பேரு. முதல்ல இது மாட்டுனது ஆராய்ச்சிக்கூடத்துல இல்ல, கப்பல்ல. 1890கள்ல வேகமான போர்க்கப்பல்களோட ப்ரொப்பெல்லர் எதிர்பார்த்த வேகம் தராம மக்கர் பண்ணுச்சு, அதைத் தேடிப் போனப்பதான் இந்தக் குமிழி விவகாரம் வெளிய வந்துச்சு. அப்புறம் 1917ல ரேலி பிரபு ஒரு குமிழி நொறுங்கும்போது எவ்ளோ அழுத்தம் வரும்னு கணக்குப் போட்டுக் காட்டினார். ப்ரொப்பெல்லரோட உலோகத்தையே அரிச்சுத் தின்ன அதே விசைதான் இப்ப இலைத்தூள் மேல வேலை செய்யுது.

எப்படின்னா, திரவத்துக்கு நடுவுல இருக்குற குமிழி எல்லாப் பக்கமும் சமமா சுருங்கும். ஆனா பக்கத்துல ஒரு திடப்பொருள் பரப்பு இருந்தா சமமா சுருங்க முடியாது, ஒரு பக்கம் உள்ள குழிஞ்சு, அந்தப் பரப்பைப் பாத்து ஊசி மாதிரி மெல்லிசா ஒரு திரவப் பீச்சு பாயும், செகண்டுக்கு நூறு மீட்டர் வேகத்துக்குக்கூட போகும். அது இலைத்தூளோட பரப்பைக் குத்திப் பொத்தல் போடும், செல் சுவரைக் கிழிக்கும். தூள் ரொம்ப நைஸா, குமிழியைவிடச் சின்னதா இருந்தா பீச்சு இந்த மாதிரி உருவாகாது, ஆனா அதிர்ச்சி அலைல துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி உடையும். துளசி, புதினா மாதிரி இலைகள்ல வாசனை எண்ணெய் இருக்குற சுரப்பி முடிகள் இலைக்கு வெளிப்புறமே இருக்கு, அதெல்லாம் சீக்கிரம் உடைஞ்சிரும். ஃபிளேவனாய்டு, ஃபீனாலிக் அமிலம்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்மம் எல்லாம் பெரும்பாலும் செல்லுக்குள்ள இருக்குற வாக்யூல்ங்கிற திரவப் பைல கரைஞ்சு கிடக்கும், அதை எடுக்கத்தான் சுவரைத் தாண்டணும். முடிஞ்சா அல்ட்ராசவுண்டுக்கு முன்னாடி ஒரு சாம்பிள், பின்னாடி ஒரு சாம்பிள் எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாருங்க, முன்னாடி வழவழன்னு இருந்த பரப்பு பின்னாடி குழி குழியா, ஓரமெல்லாம் பிய்ஞ்சு இருக்கும்.

கேள்வி: என் கைடு மெத்தனால் போடச் சொல்றார், சீனியர் அக்கா எத்தனால் போதும்னு சொல்றாங்க, நான் படிச்ச ஒரு பேப்பர்ல வெறும் தண்ணில பண்ணிருக்காங்க. யார் சொல்றதைக் கேக்குறது? – எம்.எஸ்சி. மாணவி, முருங்கை இலை ப்ராஜெக்ட்

மூணு பேரும் தப்பு சொல்லல, மூணு பேரோட நோக்கமும் வேற வேற. இதைப் புரிஞ்சுக்க ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க: பூட்டை உடைக்கிறது அல்ட்ராசவுண்ட், உள்ள இருக்குற சாமான்ல எதைத் தூக்கிட்டு வரணும்னு முடிவு பண்றது சால்வென்ட், அதாவது கரைக்கிற திரவம். மெஷின் எவ்ளோ விலை உயர்ந்ததா இருந்தாலும் தப்பான சால்வென்ட்ல வேலை நடக்காது.

முருங்கை இலைல நீங்க தேடுறது குவர்செட்டின், கேம்ஃபெரால்ங்கிற ஃபிளேவனாய்டுகளோட சர்க்கரை ஒட்டின வடிவங்கள், குளோரோஜெனிக் அமிலம் இதெல்லாம்னா அதுங்க நடுத்தரத்துக்கு மேல போலார், அதாவது தண்ணியோட ஒட்டுற குணம் உள்ளது. சுத்த எத்தனால் அதுக்கு ஒத்து வராது, ஏன்னா காஞ்ச இலை எத்தனால்ல ஊறவே ஊறாது, செல் சுவர் விறைப்பாவே நிக்கும், அதோட குளோரோஃபில்லும் மெழுகும் நிறைய வந்து சாறு கரும்பச்சையாகி அளக்கும்போது தொல்லை குடுக்கும். வெறும் தண்ணில இலை நல்லா ஊறும், ஆனா சர்க்கரை, புரதம், பெக்டின் மாதிரி வழவழப்புப் பொருள் எல்லாம் சேர்ந்து வந்துரும், ஃபில்டர் பேப்பர் அடைச்சுக்கும், ரெண்டு நாள்ல பூஞ்சையும் பிடிக்கும். ரெண்டையும் கலந்தா தண்ணி இலையை ஊதவைக்கும், எத்தனால் சேர்மத்தைக் கரைக்கும். அதனாலதான் பெரும்பாலான இலைகளுக்கு 50ல இருந்து 70 சதவீத எத்தனால் நல்லா வேலை செய்யுது. அங்க இருந்து ஆரம்பிங்க, 30, 50, 70, 90னு நாலு அளவு வெச்சுப் பாத்தா உங்க இலைக்கு எது சரின்னு ஒரே நாள்ல தெரிஞ்சிரும்.

மெத்தனால் ஃபீனாலிக்ஸை நல்லாவே எடுக்கும், அளக்குறதுக்கு மட்டும்னா தப்பில்ல. ஆனா அது கண்ணைப் பறிக்கிற விஷம். மருந்துப் பொருள்ல மிச்சமிருக்கக்கூடிய சால்வென்ட்டுக்கு, மருந்துகளுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். விதிமுறைல மெத்தனால் ரெண்டாவது வகுப்பு, 3000 பி.பி.எம். (பத்து லட்சத்துல 3000 பங்கு) தாண்டக்கூடாது. எத்தனால் மூணாவது வகுப்பு, ஆபத்து குறைஞ்சதுன்னு கணக்கு. நாளைக்கு இந்தச் சாறு மனுஷங்க உள்ளுக்கு எடுக்குற ஏதோ ஒண்ணா மாறணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா முதல் நாள்ல இருந்தே எத்தனால்–தண்ணி பக்கம் போயிடுங்க, கைடு கிட்ட இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேளுங்க, கண்டிப்பா கேப்பார்.

இன்னொண்ணு, சால்வென்ட்டை மொத்தமா ஒரே தடவை ஊத்துறதைவிட ரெண்டு தடவையா பிரிச்சு ஊத்துங்க. சும்மா ஒரு கணக்கு: 10 கிராம் தூள், பிழிஞ்ச பிறகும் 30 மில்லி சால்வென்ட்டைப் பிடிச்சு வெச்சுக்குதுன்னு எடுத்துக்கலாம். 200 மில்லியை ஒரே தடவை ஊத்தினா வெளிய வர்றது 170, அதாவது கரைஞ்சதுல 85 சதவீதம். அதையே 100, 100ஆ ஊத்தினா முதல்ல 70 சதவீதம், ரெண்டாவதுல மிச்சம் இருந்ததுல பெரும்பகுதி, கூட்டிப் பாத்தா 93 சதவீதம் கிட்ட வரும். சால்வென்ட் செலவு அதே 200 மில்லிதான்.

கேள்வி: எங்க லேப்ல பாத் டைப் சோனிகேட்டர் (தண்ணித் தொட்டி மாதிரி இருக்குற அல்ட்ராசவுண்ட் மெஷின்)தான் இருக்கு. போன வாரம் வந்த ரிசல்ட் இந்த வாரம் வரல. அதே இலை, அதே நேரம், அதே சால்வென்ட். ப்ரோப் (திரவத்துக்குள்ள நேரா இறக்குற கம்பி) வாங்கினா சரியாயிடுமா?

ப்ரோப் வாங்குறதுக்கு முன்னாடி உங்க பாத்தைப் புரிஞ்சுக்கோங்க, பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துரும்.

பாத்ல அடில ஒட்டியிருக்குற டிரான்ஸ்டியூசர்ல (கரண்ட்டை அதிர்வா மாத்துற பகுதி) இருந்து அலை மேல வருது, தண்ணியோட மேல்பரப்புல பட்டுத் திரும்புது, போற அலையும் வர்ற அலையும் சேர்ந்து சில இடத்துல பலமா, சில இடத்துல சுத்தமா ஒண்ணுமில்லாம நிக்கும். ஃபிளாஸ்க்கை ரெண்டு விரக்கடை நகத்தி வெச்சாலே வேற ரிசல்ட்தான். இதைக் கண்ணால பாக்கணுமா, ஒரு அலுமினியம் ஃபாயிலை சுருக்கம் இல்லாம நீட்டா வெட்டி பாத் தண்ணில செங்குத்தா பிடிச்சு ஒரு நிமிஷம் ஓட விட்டு எடுங்க, விரல் உள்ள போகாம ஒரு கிளிப்ல பிடிங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தா சில பட்டைல மட்டும் சல்லடை மாதிரி ஓட்டை, நடுவுல ஒண்ணுமே ஆகாத பட்டை. ஓட்டை அதிகமா விழுந்த இடத்துலதான் ஃபிளாஸ்க்கோட அடி இருக்கணும். அந்த இடத்தை மார்க்கர்ல குறிச்சு, ஸ்டாண்டும் கிளாம்ப்பும் போட்டு ஒவ்வொரு தடவையும் அதே உயரத்துல கட்டுங்க. பாத் தண்ணியும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு இருக்கணும், புதுசா பிடிச்ச தண்ணின்னா அஞ்சு பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு உள்ள இருக்குற காத்து வெளிய போன பிறகு ஆரம்பிங்க.

அடுத்தது சூடு. பாத் ஓட ஓட தண்ணி தானா சூடாகும், அரை மணி நேரத்துல 25ல இருந்து 40 தாண்டுறது சாதாரணம். காலைல முதல் சாம்பிள் போட்டதுக்கும் மத்தியானம் அஞ்சாவது சாம்பிள் போட்டதுக்கும் வெப்பநிலை வேறன்னா ரிசல்ட் எப்படி ஒத்துப் போகும்? ஐஸ் போட்டோ தண்ணியைச் சுழல விட்டோ ஒரே டிகிரில நிறுத்துங்க.

ப்ரோப் பலசாலிதான், டைட்டானியம் முனை நேரா சால்வென்ட்டுக்குள்ளயே இறங்குது, பாத்ல அரை மணி நேரம் ஆகுற வேலை அதுல சில நிமிஷத்துல முடியலாம். ஆனா அதுக்கும் சீக்கு உண்டு. முனை தேஞ்சு தேஞ்சு டைட்டானியம் துகள் சாறுல கலக்கும், சாறு சட்டுனு சூடேறும், அதனால 5 செகண்ட் ஆன் 5 செகண்ட் ஆஃப்னு பல்ஸ் வெச்சு, பீக்கரை ஐஸ்ல வெச்சு ஓட்டணும். முனையைக் காத்துல வெச்சு ஆன் பண்ணவே கூடாது. காதுக்கு கேக்காத சத்தம்னு பேரு, ஆனா ஓடும்போது கீச்னு ஒரு சத்தம் வரும், அது கூட வர்ற துணை அதிர்வு, காது அடைப்பானோ ஒலித்தடுப்புப் பெட்டியோ இல்லாம பக்கத்துல நிக்காதீங்க.

எதை வெச்சிருந்தாலும் டிஸ்பிளேல காட்டுற வாட்ஸை அப்படியே ரிப்போர்ட்ல எழுதாதீங்க, ப்ளீஸ். அது மெஷின் கரண்ட்ல இருந்து எடுக்குறது, திரவத்துக்குள்ள போறது அதுல ஒரு பங்குதான். அளக்குறது சுலபம். 100 மில்லி தண்ணியை எடுத்து ரெண்டு நிமிஷம் ஓட்டி எவ்ளோ சூடு ஏறுதுன்னு பாருங்க. 6 டிகிரி ஏறுச்சுன்னு வெச்சுக்குவோம், 100ஐ தண்ணியோட தன்வெப்பம் 4.18ஆல பெருக்கி 6ஆல பெருக்கினா 2508 ஜூல், 120 செகண்டால வகுத்தா சுமார் 21 வாட். அதாவது மில்லிக்கு 0.21 வாட். இந்த எண்ணை எழுதினாத்தான் வேற மெஷின் வெச்சிருக்குற இன்னொருத்தர் உங்க வேலையைத் திருப்பிச் செய்ய முடியும்.

கேள்வி: 20 நிமிஷத்துல வந்ததைவிட 60 நிமிஷத்துல ஃபீனால் கம்மியா வருது. மூணு தடவை பண்ணியும் அப்படித்தான். நான் ஏதோ தப்பு பண்றேனா?

தப்பு இல்ல, உங்க ரிசல்ட் நம்பக்கூடிய ரிசல்ட். வெளிய வரவேண்டியதுல பெரும்பகுதி முதல் பத்து இருபது நிமிஷத்துலயே வந்துரும், உடைஞ்ச செல்லுல இருக்குறது சட்டுனு கழுவிக்கிட்டு வரும், அப்புறம் உள்ளுக்குள்ள இருக்குறது மெதுவா ஊர்ந்து வர்றதுதான் பாக்கி. அந்தக் கட்டத்துக்கு மேல மெஷினை ஓட்டினா வந்ததை நாமளே கெடுக்குறோம். மேல 5000 டிகிரி கேள்வில சொல்றேன்னு சொன்ன சேதம் இதுதான்: குமிழிக்குள்ள இருக்குற நீராவி உடைஞ்சு ஹைட்ராக்சில் ராடிகல் வருது, அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகும். ராடிகலை அணைக்கிற பொருளைத் தேடித்தானே கிளம்பினோம், அது ஃபிளாஸ்க்குலயே அந்த ராடிகலோட மோதி செலவாகிப் போகுது. வைட்டமின் சி ரொம்ப சீக்கிரம் போயிரும். எத்தனால் கூட இருந்தா ராடிகல்ல கொஞ்சத்தை அதுவே வாங்கிக்கும், வெறும் தண்ணிலதான் சேதம் ஜாஸ்தி.

சூட்டோட கதையும் இதே மாதிரிதான். கொஞ்சம் சூடு நல்லது, கரையுறது கூடும், சாறு நீர்த்துப் போய் இலைக்குள்ள சுலபமா போய் வரும். ஆனா 60 டிகிரி பக்கம் போனா சால்வென்ட்டோட ஆவி குமிழிக்குள்ள நிறைஞ்சு நொறுங்கும்போது மெத்தை மாதிரி தாங்கிக்கும், அடி விழாது. சேர்மமும் சூட்டுல கெடும். பெரும்பாலும் 30ல இருந்து 50 டிகிரிக்குள்ள நிக்கிறது பாதுகாப்பு.

நேரம், வெப்பம், எத்தனால் சதவீதம் மூணும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா இந்த இழுபறி கண்ணுக்கே தெரியாது. நேரம் இருந்தா பாக்ஸ்–பெங்கன் டிசைன் (எல்லா காரணியையும் சேர்த்து மாத்திப் பாக்குற சோதனைத் திட்டம்) போடுங்க, மூணு காரணிக்கு நடுப்புள்ளியை மூணு தடவை செஞ்சாலும் மொத்தம் 15 ஓட்டம்தான். வந்த சமன்பாடு சொல்ற சிறந்த புள்ளில திரும்ப நிஜமாவே ஒரு தடவை செஞ்சு பாருங்க, அதைச் செய்யாம கிராஃபை மட்டும் ஒட்டிட்டு முடிக்கிறவங்க நிறைய.

கேள்வி: பச்சை இலை நல்லதா, காஞ்ச இலையா?

காஞ்சது. பச்சை இலைல முக்கால் பங்குக்கு மேல தண்ணி, 10 கிராம் இலைல 8 கிராம் தண்ணின்னா நீங்க ஊத்தின 100 மில்லி 70 சதவீத எத்தனால் அங்கயே 65 ஆயிடும். அதோட பச்சையா அரைச்ச உடனே இலைல இருக்குற பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்சைம் வேலையைக் காட்டும், சாறு பழுப்பாகும். நிழல்லயோ 40 டிகிரி ஓவன்லயோ காய வைங்க, ஃப்ரீஸ் டிரையர் (உறைய வெச்சு காய வைக்கிற மெஷின்) இருந்தா ரொம்ப நல்லது. அரைச்சு 40 மெஷ் சல்லடைல சலிங்க, 0.4 மில்லிமீட்டர் பக்கம் வரும். பவுடர் மாதிரி நைஸா அரைச்சா கட்டி கட்டியா மிதக்கும், வடிகட்டவும் முடியாது. இலைத்தூள் ஈரப்பதத்தை அளந்து வெச்சுக்கிட்டு கடைசி எண்ணை காஞ்ச எடைக்குக் கணக்குப் போடுங்க.

கேள்வி: ஃபீனால் அளக்குற ஃபோலின் டெஸ்ட்ல என் சாறு சூப்பரா வருது, ஆனா ராடிகலை எவ்ளோ அணைக்குதுன்னு பாக்குற டி.பி.பி.எச்.ல ஐ.சி.50 எண் ஃப்ரெண்டோடதைவிட பெருசா இருக்கு. பெருசா இருந்தா நல்லதுதானே?

இல்லம்மா, ஐ.சி.50 சின்னதா இருந்தாத்தான் நல்லது. பாதி ராடிகலை அணைக்க எவ்ளோ சாறு தேவைன்னுதானே அந்த எண் சொல்லுது, கம்மியா தேவைப்பட்டா சாறு பலமானது.

ரெண்டு டெஸ்ட்டும் ஏன் ஒத்துப் போகலன்னா, ஃபோலின்–சியோகால்ட்யு ரியேஜென்ட் ஃபீனாலை மட்டும் பாக்குறதில்ல. 1927ல அதை உருவாக்குனதே புரதத்துல இருக்குற டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளக்கத்தான், 1965லதான் சிங்கிள்டனும் ரோஸியும் ஒயின்ல ஃபீனால் அளக்க அதை இப்ப நாம பண்ற முறைக்கு மாத்தினாங்க. எலக்ட்ரானைக் குடுக்கக்கூடிய எது வந்தாலும் நீல நிறம் வரும்: வைட்டமின் சி, சில சர்க்கரை, புரதம். தண்ணி அதிகமா இருக்குற சால்வென்ட்ல எடுத்த சாறுன்னா இது எல்லாமே உள்ள இருக்கும். அதனால 765 நேனோமீட்டர்ல வர்ற அந்த எண்ணை காலிக் ஆசிட் அளவுக்கு ஈடுன்னுதான் எழுதணும், இவ்ளோ ஃபீனால் இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

டி.பி.பி.எச்.ங்கிற ராடிகலை வெச்சுப் பண்ற டெஸ்ட் 1958ல பிளாய்ஸ் கொண்டு வந்தது, ஊதா நிறம் மஞ்சளா மாறுறதை 517 நேனோமீட்டர்ல பாக்குறோம். உங்க பிரச்சனை இங்கயும் இருக்கலாம். டி.பி.பி.எச். ஆல்கஹால்ல கரையும், தண்ணில கரையாது. தண்ணி நிறைஞ்ச சாறை அதிகமா ஊத்தினா கலங்கும், ரீடிங் ஏறும், ஐ.சி.50 பெருசா தெரியும். கியூவெட்டை (அளக்குறதுக்கு சாறு ஊத்துற சின்னக் குப்பி) வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, லேசா புகை மாதிரி கலங்கல் இருந்தா அந்த ரீடிங் வேண்டாம். கரும்பச்சை சாறுன்னா அதோட சொந்த நிறமும் சேர்ந்து வரும், டி.பி.பி.எச். போடாம சாறும் சால்வென்ட்டும் மட்டும் வெச்சு ஒரு பிளாங்க் எடுத்துக் கழிங்க. 30 நிமிஷம் இருட்டுல வைக்க மறக்காதீங்க. அதோட ஒவ்வொரு நாளும் டிரோலாக்ஸோ வைட்டமின் சியோ ஒரு ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டுப் பாக்க ஒரு தெரிஞ்ச ஆன்டிஆக்ஸிடன்ட்) கூடவே ஓட்டுங்க, அது இல்லாம உங்க எண்ணையும் ஃப்ரெண்ட் எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: நகை, கண்ணாடி கழுவுற சின்ன அல்ட்ராசானிக் மெஷின் வீட்டுல இருக்கு. அதுலயே ஆல்கஹாலையும் இலையையும் போட்டு சாறு எடுத்துக் குடிக்கலாமா?

வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். எத்தனாலோட ஆவி சாதாரண அறை வெப்பத்துலயே தீப்பிடிக்கும், அந்த மெஷினுக்குள்ள கரண்ட் சர்க்யூட் இருக்கு, ஒரு பொறி போதும். தொட்டிக்குள்ள நேரடியா எரியக்கூடிய சால்வென்ட்டை ஊத்தக் கூடாதுன்னு லேப் மெஷினுக்கே விதி, அங்கயும் மூடின ஃபிளாஸ்க்குல வெச்சு, காத்தோட்டமான இடத்துலதான் செய்வோம். கடைல சுத்தம் பண்றதுக்குன்னு விக்கிற ஆல்கஹால்ல குடிக்க முடியாதபடி வேணும்னே விஷம் கலந்திருப்பாங்க. தொட்டிலயும் சோப்பு, உலோக அழுக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். இது ஒண்ணுகூட வடிகட்டினா போகாது.

கேள்வி: ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகமா இருந்தா நோய் வராதுன்னு சொல்றாங்களே. இப்படிச் செறிவா எடுத்த சாறை தினம் சாப்பிட்டா நல்லதுதானே மேடம்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபமும் வருது, கவலையும் வருது, உங்க மேல இல்ல, டெஸ்ட் டியூப் எண்ணைக் காட்டி விக்கிறவங்க மேல. கியூவெட்டுக்குள்ள ஊதா நிறம் மஞ்சளாச்சுன்னா அது வேதியியல். உடம்புக்குள்ள போன குவர்செட்டின் குடல்லயும் ஈரல்லயும் பெரும்பாலும் வேற வடிவத்துக்கு மாறிடுது, ரத்தத்துல வர்றது டெஸ்ட் டியூப்ல நாம போட்டதைவிட ரொம்ப ரொம்பக் கம்மி. உணவுகளோட ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தியை ஓராக்னு ஒரு எண்ணா அமெரிக்க வேளாண்மைத் துறை பட்டியல் போட்டு வெச்சிருந்துச்சு, அந்த எண்ணுக்கும் மனுஷ ஆரோக்கியத்துக்கும் தொடர்பு நிரூபணமாகலன்னு சொல்லி 2012ல அந்தப் பட்டியலையே எடுத்துட்டாங்க.

இன்னும் கனமான உதாரணம் பின்லாந்துல நடந்த ஆய்வு. புகைபிடிக்கிற ஆம்பளைங்க 29,133 பேர், அதுல ஒரு பகுதிக்கு பீட்டா கரோட்டின்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் தினம் 20 மில்லிகிராம். 1994ல முடிவு வந்தப்ப பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமா இருந்துச்சு, குறையல. அமெரிக்காவுல இதே மாதிரி நடந்த கேரட் (CARET)ங்கிற ஆய்வை 1996ல பாதிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. இலைச்சாறுலயும் இது உண்டு: கிரீன் டீயோட கேட்டெச்சினைச் செறிவாக்கி சப்ளிமென்ட்டா எடுக்குறப்ப, இ.ஜி.சி.ஜி.ங்கிற கேட்டெச்சின் நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா ஈரல் பாதிப்போட அறிகுறி தெரியுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல சொல்லியிருக்கு.

இலையை இலையா சாப்பிடுறதுக்கும் அதுல இருந்து ஒண்ணை மட்டும் இருபது மடங்கு செறிவாக்கிச் சாப்பிடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. வேற மருந்து எடுக்குறவங்க, கர்ப்பிணிகள், ஈரல் பிரச்சனை இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம எந்தச் செறிவுச் சாறையும் தொடாதீங்க.

கேள்வி: சாக்ஸ்லெட்டைவிட அல்ட்ராசவுண்ட் சிறந்ததுன்னு என் ப்ராஜெக்ட் முடிவுல எழுதலாமா?

எதை வெச்சு எழுதப் போறீங்க? சாக்ஸ்லெட்ங்கிற பிரிச்செடுக்குற கருவி 1879ல இருந்து இருக்கு, ஆறேழு மணி நேரம் கொதிக்கிற சால்வென்ட்ல ஓடும், சூடு தாங்காத சேர்மம் அதுல கெடும். அதோட 40 டிகிரில 20 நிமிஷம் செஞ்ச ஒண்ணை வெச்சுப் பாத்தா சால்வென்ட், சூடு, நேரம் மூணும் வேற. ஜெயிச்சது அல்ட்ராசவுண்டா, இல்ல சூடு கம்மியா இருந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்தத் துறைல வர்ற வேலைகள்ல எனக்கு இருக்குற பெரிய வருத்தமே இதுதான், மெஷினை ஆஃப் பண்ணி வெச்சு ஒரு ஓட்டம் பண்ணவே மாட்டேங்குறாங்க.

மூணு ஃபிளாஸ்க் எடுங்க. மூணுலயும் அதே தூள், அதே எடை, அதே சால்வென்ட், அதே 40 டிகிரி. ஒண்ணு அல்ட்ராசவுண்ட்ல 20 நிமிஷம். ரெண்டாவது சத்தமே இல்லாம மேக்னெடிக் ஸ்டிர்ரர்ல 20 நிமிஷம். மூணாவது ஸ்டிர்ரர்லயே 24 மணி நேரம், வாயை இறுக்கி மூடி, வெளிச்சம் படாம. முதல் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் அல்ட்ராசவுண்டோட உண்மையான பங்கு. மூணாவதோட முதலாவதைப் பாத்தா வேகமா எடுத்ததா இல்ல நிஜமாவே அதிகமா எடுத்ததான்னு தெரியும், பெரும்பாலும் 24 மணி நேரத்துல வர்றதை 20 நிமிஷத்துல எட்டிப் பிடிச்சிருக்கும், அதுவே பெரிய விஷயம், அதை அப்படியே எழுதுங்க. ரெண்டாவதுக்கும் முதலுக்கும் வித்தியாசமே இல்லன்னா உங்க இலைக்கு அல்ட்ராசவுண்ட் தேவையே இல்லன்னு எழுதுங்க, அதுவும் ஒரு முடிவுதான், மார்க் குறைக்க மாட்டாங்க.

கேள்வி: ஃப்ரிட்ஜ்ல வெச்ச சாறுல அடில பச்சையா படிஞ்சிருக்கு. கெட்டுப் போச்சா?

கெட்டுப் போகணும்னு இல்ல. குளிர்ல மெழுகும் குளோரோஃபில்லும் கரையாம கீழ இறங்கும். சென்ட்ரிஃபியூஜ் பண்ணி மேல் திரவத்தைத் தனியா எடுத்து ஒரு தடவை திரும்ப அளங்க, முதல் நாள் எண்ணோட ஒத்துப் போனா பயன்படுத்தலாம். இனிமே எடுத்த அன்னைக்கே ரோட்டரி எவாப்பரேட்டர்ல 40 டிகிரிக்கு மேல போகாம எத்தனாலை எடுத்துட்டு, மிச்சத்தை ஃப்ரீஸ் டிரை பண்ணி, பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல மைனஸ் 20ல வைங்க. பாட்டில் மேல தேதி, இலை பறிச்ச மாசம், எத்தனால் சதவீதம், ஓட்டின நேரம், வெப்பநிலை எல்லாத்தையும் பென்சில்ல எழுதி ஒட்டுங்க, மார்க்கர் மைன்னா எத்தனால் ஒரு சொட்டு பட்டாலே அழிஞ்சிரும்.